உயிர்க்கலத்தில் உறையும் மின்சாரம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, வானத்துக் கோள்களைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசலாமென்று நண்பர் சிலர் கூறினர். அவற்றினும் நமக்கு மிக அண்மையிலுள்ள ஒரு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே நான் விரும்புகின்றேன். இம்மண்டபத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டாலும் அந்த மின்சாரம் அணையாது. இங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொருவருடைய உடலிலும், உடலின் ஒவ்வோர் உயிர்க்கலத்திலும் அது உறைகின்றது. அது எவ்வாறு உண்டாகின்றது, எவ்வாறு நிலைபெறுகின்றது, அதைக் காப்பதற்கு நமது உடல் என்ன விலை கொடுக்கின்றது என்னும் மூன்றையும் சுருங்கச் சொல்ல முயல்வேன்.

உயிருள்ள உடல் யாவும் கலங்களால் ஆனவை என்பதைப் பாடசாலையில் படித்திருக்கின்றோம். ஒவ்வொரு கலத்தையும் கொழுப்பினாலான மென்சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கின்றது. இச்சவ்வுக்கு உட்புறம் எதிர் மின்னேற்றமும் வெளிப்புறம் நேர் மின்னேற்றமும் உண்டு. நரம்புக் கலத்தில் இவ்வேற்றுமை ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று. தசைக் கலத்தில் ஏறத்தாழ 90. ரோச் லைற்றுக்குள் இடும் சிறு பற்றரி 1.5 வோல்ற்று உடையது. அதில் பத்திலொரு பங்குகூட இஃது இல்லையே, இதனை ஒரு பொருட்டாகக் கொள்ளலாமோ என்று சிலர் நினைக்கக்கூடும். மென்சவ்வின் தடிப்பையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஏழெட்டுக் கூறளவே அதன் தடிப்பு. அத்துணை மெல்லிய சவ்வின் இருபுறத்துக்குமிடையே 70 மில்லிவோல்ற்று நிற்பதென்றால், அது மில்லிமீற்றர் ஒன்றுக்குப் பதினாயிரம் வோல்ற்று என்னும் கணக்காகும். வெறுங் காற்றிலே மில்லிமீற்றருக்கு மூவாயிரம் வோல்ற்று ஏறினாலே தீப்பொறி பாய்ந்துவிடும்! அதனினும் மும்மடங்கு வலிய மின்புலத்தை நம் ஒவ்வொரு நரம்புக் கலமும் சத்தமின்றித் தாங்கி நிற்கின்றது.

இம்மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? உப்பிலிருந்து வருகின்றது. உப்பு நீரிற் கரையும்பொழுது மின்னேற்றமுள்ள துணிக்கைகளாகப் பிரிகின்றது. அவற்றை அயன்கள் என்பர். நமது கதைக்கு இரண்டு அயன்கள் முக்கியமானவை: ஒன்று சோடியம், மற்றது பொற்றாசியம். இரண்டும் நேர் மின்னேற்றம் உடையவை. இரசாயன இயல்பில் நெருங்கிய உறவினர். ஆயினும் உடலில் அவை வாழும் இடங்கள் வேறு. கலத்துக்கு வெளியிலுள்ள நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமூல் சோடியம் உண்டு; உள்ளே ஏறத்தாழ 12தான். பொற்றாசியமோ உள்ளே ஏறத்தாழ 140. வெளியே 4 அளவே. நமது குருதி உவர்ப்பது சோடியத்தால். நமது தசையினுள்ளே நிறைந்திருப்பது பொற்றாசியம்.

இனி, இந்த ஏற்றத்தாழ்விலிருந்து மின் எப்படிப் பிறக்கின்றது என்பதை ஓர் உவமையாற் கூறுகின்றேன். திருவிழாக் காலத்தில் ஒரு மடத்தினுள் தாய்மாரும் அவர்தம் சிறு பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வெளி வீதியில் இடம் தாராளம். மடத்தின் வாசற்படியோ உயரமானது. பெரியவர் தாண்டலாம், குழந்தைகள் தாண்ட முடியாது. நெருக்கம் பொறாத தாய்மார் சிலர் வெளியே கால் வைக்கின்றனர். உடனே உள்ளே விடப்பட்ட பிள்ளைகள் அழத் தொடங்குகின்றன. அந்த அழுகை தாயைத் திரும்ப இழுக்கின்றது. வெளியேறியவர் வீதியிலே தூரப் போகாமல் வாசலடியிலேயே நிற்கின்றனர். நெருக்கம் வெளியே தள்ளுகின்றது. பாசம் உள்ளே இழுக்கின்றது. இரண்டும் சமமாகும்பொழுது எத்தனை பேர் வெளியேறுகின்றனரோ அத்தனை பேர் உள்ளே திரும்புகின்றனர்.

தாய்மாரே பொற்றாசிய அயன்கள். தாண்ட முடியாத பிள்ளைகள், கலத்தினுள் அடைபட்டிருக்கும் எதிர் மின்னேற்றமுள்ள பெரும் புரதங்களும் பொசுபேற்றுகளும். உயரமான வாசல் மென்சவ்விலுள்ள பொற்றாசிய வாய்க்கால். அவ்வாய்க்கால் பொற்றாசியத்தை விடும். அதனினும் சிறிய சோடியத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இந்த வியப்பான தெரிவு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை, 1998-ம் ஆண்டில் அவ்வாய்க்காலின் உருவத்தை அணு அணுவாகக் கண்டு விளக்கியவர் அமெரிக்கராகிய றொடெரிக் மக்கினன். அதற்காக 2003-ம் ஆண்டில் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

வெளியே கசிந்த நேர் மின்னேற்றமும் உள்ளே எஞ்சிய எதிர் மின்னேற்றமும் சவ்வின் இருபுறத்திலும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதே நாம் பேசும் மின்னழுத்தம். பொற்றாசியம் மட்டுமே கசியுமாயின் அது 95 மில்லிவோல்ற்று வரை ஏறுமென்று கணக்கிடலாம். சோடியமும் சிறிது உட்கசிவதால் நரம்பில் அது 70 அளவில் நிற்கின்றது. இதற்காக வெளியேற வேண்டிய அயன்களின் தொகையோ மிகச் சொற்பம். மில்லிமீற்றரில் ஐம்பதிலொரு பங்கு விட்டமுள்ள உருண்டைக் கலமொன்றில், உள்ளிருக்கும் பொற்றாசியத்தில் ஏறத்தாழ அறுபதினாயிரத்தில் ஒன்று வெளியேறினாற் போதும். ஊரே வெளியேறத் தேவையில்லை. வாசலடியில் ஒருவர் நின்றாலே இழுவை உண்டாகிவிடுகின்றது.

இவ்வுண்மை அறிஞர்க்கு ஒரே நாளில் விளங்கியதன்று. இத்தாலிய நாட்டுப் பொலோஞா நகரில் லூயிசி கல்வானி என்பவர் தவளைக் கால்கள் மின்னாற் துடிப்பதைக் கண்டு, உயிருடலில் மின் உண்டென்று 1791-ம் ஆண்டில் எழுதினார். அது உலோகத்தின் மின்னேயன்றி உடலின் மின் அன்று என்று வோல்ற்றா மறுத்தார். அவ்வழியே ஆராய்ந்து 1800-ம் ஆண்டில் உலகின் முதற் பற்றரியை அறிவித்தார். ஒரு விவாதத்தில் இருவரும் பயனுள்ளவற்றைக் கண்டடைந்ததற்கு இது நல்ல உதாரணம். பின்னர் 1902-ம் ஆண்டில் யூலியஸ் பேர்ண்ஸ்ரைன் என்னும் ஜேர்மானியர், பொற்றாசியத்தை மட்டும் விடும் சவ்வே இம்மின்னுக்குக் காரணம் என்னும் கொள்கையை வெளியிட்டார். ஆனால் கலத்தினுள்ளே கருவியைச் செலுத்தி அளந்து பார்க்க எவராலும் இயலவில்லை. நரம்பு நார்கள் அத்துணை நுண்ணியவை.

அந்தத் தடையை நீக்கியது நமது கடற்கரைச் சந்தைகளிலும் காணக்கூடிய ஊசிக் கணவாயின் இனம். அதன் உடலில் அரை மில்லிமீற்றருக்கு மேலும் தடித்த இராட்சத நரம்பு நார் உண்டு. 1936-ம் ஆண்டில் ஜே. இசட். யங் என்பவர் அதன் சிறப்பை விஞ்ஞானிகளுக்கு எடுத்துக் காட்டினார். 1939-ம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வு நிலையத்தில் அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இருவர் அந்நாரினுள்ளே மெல்லிய மின்வாயைச் செலுத்தி, உட்புறம் எதிர் மின்னேற்றம் உடையதென்பதை நேரே அளந்தனர். செய்தி ஓடும் கணத்தில் அவ்வேற்றம் தலைகீழாகி உட்புறம் நேராவதையும் கண்டனர். சில வாரங்களில் யுத்தம் மூண்டதால் ஆராய்ச்சி தடைப்பட்டது. யுத்தம் முடிந்தபின் மீண்டும் தொடங்கி, சோடியம் உள்ளே பாய்வதே நரம்புச் செய்தி என்பதை 1952-ம் ஆண்டளவில் கணக்கோடு நிறுவினர். 1963-ம் ஆண்டில் எக்கிள்ஸ் என்பவரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அன்பர்களே, இங்குதான் முக்கியமான கேள்வி எழுகின்றது. பொற்றாசியம் எந்நேரமும் வெளியே கசிகின்றது. சோடியம் எந்நேரமும் உள்ளே கசிகின்றது. நரம்பிலே செய்தி ஓடுந்தோறும் அக்கசிவு மிகுகின்றது. அப்படியானால் சிறிது காலத்தில் உள்ளும் வெளியும் ஒன்றாகி, மின்னும் ஒழிந்துவிட வேண்டுமே! நாம் எழுபது எண்பது ஆண்டு வாழ்கின்றோமே, எப்படி?

ஓட்டையுள்ள தோணியிற் செல்பவன் என்ன செய்வான்? புகும் நீரை ஓயாது இறைத்துக்கொண்டே இருப்பான். கலமும் அதனையே செய்கின்றது. இதற்கு ஓர் எளிய சான்று குருதி வங்கியில் உண்டு. தானமாகப் பெற்ற குருதியைக் குளிரில் வைக்கும்பொழுது, செங்கலங்களிலிருந்து பொற்றாசியம் நாளுக்கு நாள் வெளியே கசிந்து சேர்கின்றது. சோடியம் உள்ளே புகுகின்றது. அக்கலங்களை உடற் சூட்டுக்குக் கொணர்ந்து வெல்லத்தையும் கொடுத்தால், அவை சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. உணவும் சூடும் இருந்தால் இறைப்பு நடக்கும். இல்லையேல் கசிவு மட்டும் நடக்கும்.

இறைக்கும் கருவி எது என்பதைக் கண்டவர் டென்மார்க் தேசத்து ஆர்ஹூஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கௌ என்னும் வைத்தியர். அவர் இதனைத் தேடிப் புறப்பட்டவரல்லர். உணர்ச்சியற்றுப்போகச் செய்யும் மருந்துகள் நரம்பில் எவ்வாறு வேலை செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நண்டின் கால் நரம்புகளை அரைத்துப் பார்த்தபொழுது, சோடியமும் பொற்றாசியமும் சேர்ந்திருந்தால் மட்டுமே சுறுசுறுப்படையும் நொதியம் ஒன்றைக் கண்டு, 1957-ம் ஆண்டில் வெளியிட்டார். அந்நொதியமே நாம் இன்று சோடிய–பொற்றாசியப் பம்பி என்று அழைப்பது. அதற்குரிய நோபெல் பரிசு அவரை 1997-ம் ஆண்டிலேயே வந்தடைந்தது. நாற்பது ஆண்டு!

இப்பம்பி செய்யும் வேலை ஒழுங்கானது. உட்புறத்தில் மூன்று சோடிய அயன்களைப் பற்றிக்கொள்ளும். ஏ.ரி.பீ. என்னும் சத்திப் பொருளிலிருந்து ஒரு பொசுபேற்று அதன் மேல் ஏறும். உடனே பம்பியின் உருவம் திரும்பி வெளிப்புறமாகத் திறக்கும், சோடியம் வெளியே விடப்படும், அவ்விடத்தில் இரண்டு பொற்றாசிய அயன்கள் ஏறும், பொசுபேற்று கழரும், பம்பி மீண்டும் உட்புறம் திரும்பும். உடற் சூட்டில் இச்சுற்று ஒரு செக்கனில் நூறு தடவையளவில் நடக்க வல்லது. மூன்று வெளியே, இரண்டு உள்ளே. ஒவ்வொரு சுற்றுக்கும் கூலி ஒரு ஏ.ரி.பீ.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். பம்பி நேரடியாக உண்டாக்கும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ற்றே. அது உண்டாக்குவது ஏற்றத்தாழ்வை. அந்த ஏற்றத்தாழ்வின் வழியே பொற்றாசியம் கசிவதுதான் பெரும்பகுதி மின்னை உண்டாக்குகின்றது. துலாவில் இறைப்பவன் நீரை மேட்டுத் தொட்டியிற் சேர்க்கின்றான். பயிருக்குப் பாய்வது வாய்க்கால் வழியே தானாக நடக்கின்றது. இறைப்பவன் சற்று நின்றாலும் தொட்டியில் நீருள்ளவரை வாய்க்கால் ஓடும். கணவாயின் பெரிய நரம்பில், நஞ்சு கொடுத்துப் பம்பியை நிறுத்திய பின்னரும் எண்ணிறந்த செய்திகள் ஓடியதை ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே பம்பி நின்றதை வெளியிலிருப்பவர் உடனே அறியார். முன்னை உழைப்பின் சேமிப்பு சிறிது நேரம் அதனை மறைத்துவிடும். சேமிப்புக் குறைந்த நுண்ணிய மூளைக் கலங்களிலோ அந்த அவகாசம் சில நிமிடங்களே. நீரில் மூழ்கியவரையும் மாரடைப்பால் விழுந்தவரையும் காப்பதில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு என்பதன் காரணங்களுள் இது தலையாயது.

இனி விலையைக் கேளுங்கள். நாம் ஒன்றுஞ் செய்யாது பாயிற் படுத்திருக்கும் வேளையிலும், உடல் செலவிடும் சத்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இந்தப் பம்பிகளே உண்கின்றன. மூளையில் இப்பங்கு ஏறக்குறைய அரைவாசி. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டாகிய மூளை, நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் நூற்றுக்கு இருபதைக் கேட்பதன் இரகசியம் இதுவே. உண்ணும் சோற்றில் ஒரு பெரும் பிடி, தசை வளர்க்கவுமன்று, நடக்கவுமன்று; உள்ளது உள்ளபடி இருப்பதற்கே செலவாகின்றது. இறைப்பு நின்றால் மின் போவது மட்டுமன்று. உள்ளே உப்புச் சேர, உப்பைத் தொடர்ந்து நீர் புக, கலம் வீங்கி வெடித்துப்போகும்.

இவை புத்தகத்தில் இருக்க வேண்டிய செய்திகள், நமக்கென்ன என்று எண்ணுவோர்க்காக மூன்று விடயங்களைச் சொல்கின்றேன். மூன்றும் நமது வீட்டு வாசலிலேயே உள்ளவை.

முதலாவது அலரி. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர், கிராமத்து மூதாட்டி ஒருவரின் கைமருந்திலிருந்து பொக்ஸ்குளவ் என்னும் செடியின் பயனை அறிந்து, 1785-ம் ஆண்டில் நூலாக எழுதினார். அதன் சத்து மிகச் சிறிய அளவில் பம்பியைச் சற்றே மட்டுப்படுத்தி, தளர்ந்த இருதயத்தை வலுவாக அடிக்கச் செய்யும். அளவு சிறிது மீறினால் இருதயத்தின் தாளத்தையே குலைத்துவிடும். நமது வேலிகளிலும் வளவுகளிலும் நிற்கும் மஞ்சள் அலரியிலும் அவ்வினத்து நஞ்சே உள்ளது. அதனால் நமது நாட்டில், சிறப்பாக வடபகுதியில், பல இளம் உயிர்கள் வீணே போயிருக்கின்றன. சிறு குழந்தை அறியாது அதை வாயிலிட்டாலும், மனத்துயர் தாங்காத ஒருவர் அதை நாடியிருந்தாலும், கைவைத்தியத்தில் ஒரு நிமிடத்தையும் போக்காது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். உடம்பு நன்றாயிருக்கின்றதே என்று காத்திருத்தல் ஆகாது. சேமிப்பு மறைக்கும் என்று முன்னர் சொன்னதை நினைவிற் கொள்க. செம்மறியாட்டின் குருதியிலிருந்து ஆக்கிய ஒரு மாற்றுமருந்து இந்நஞ்சைக் கட்டி இருதயத்தின் தாளத்தை மீட்கும் என்பதை நமது இலங்கை வைத்தியசாலைகளில் நடத்திய பரிசோதனையே 2000-ம் ஆண்டில் உலகுக்குக் காட்டியது. மீட்சி உண்டு, ஆனால் நேரம் வேண்டும். அதற்கும் முன்னதாக, நொந்திருக்கும் தோழன் பக்கத்திலே அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்கும் ஒருவர் வேண்டும். அது விஞ்ஞானியால் மட்டும் ஆகாது. நம்மைப் போன்ற சங்கத்தாரால் ஆகும்.

இரண்டாவது இளநீர். நல்ல சிறுநீரகம் உள்ளவர்க்கு அது அமிர்தம். அதில் பொற்றாசியம் நிறைய உண்டு. குருதியிற் பொற்றாசியம் லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமூல் என்னும் சிறு எல்லைக்குள் நிற்க வேண்டும். மிகுதியைக் கழிப்பது சிறுநீரகம். அது பழுதுற்றால் வெளியே பொற்றாசியம் ஏறும், ஏற்றத்தாழ்வு குறையும், இருதயத் தசையின் மின் தளரும். வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990-ம் ஆண்டுகள் முதல் பெருகிய சிறுநீரக நோயை நாம் அறிவோம். அத்தகைய நோயாளியிடம் வைத்தியர் இளநீரையும் வாழைப்பழத்தையும் மட்டுப்படுத்தச் சொன்னால், அன்பின் மிகுதியால் அதனை மீறி ஊட்டாதிருப்போமாக.

மூன்றாவது, வயிற்றோட்டம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் தண்ணீர் கொடாதே, கொடுத்தால் இன்னும் ஓடும் என்று சொல்வோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் எத்தனையோ குழந்தைகளைக் கொன்றிருக்கின்றது. குடலின் சுவரிலுள்ள கலங்கள், பம்பியின் உழைப்பால் தம்முள்ளே சோடியத்தைக் குறைவாக வைத்திருக்கின்றன. ஆகவே குடலிலுள்ள சோடியம் உள்ளே பாய அவாவி நிற்கும். அங்குள்ள ஒரு வாயில், சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும். இவை உட்புக, நீரும் பின்தொடரும். வாந்திபேதியிலும் அந்த வாயில் பழுதுறுவதில்லை. சோடியமும் குளுக்கோசும் இவ்வாறு சேர்ந்து புகுவதை முதலில் எடுத்துக் கூறியவர் றொபேட் கிறேன், ஆண்டு 1960. பதினோராண்டின் பின், 1971-ம் ஆண்டில், வங்காளதேச அகதிகள் மேற்கு வங்கத்துப் பொங்காவுன் முகாமில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தபொழுது, வைத்தியர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணம் நூற்றுக்கு நாலுக்குக் கீழே இறங்கியது. நமது மருந்துக் கடைகளில் ‘ஜீவனி’ என்ற பெயரில் விற்கும் சிறு பொதி அதன் வழி வந்ததே. பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில், கூட்டாமலும் குறைக்காமலும் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஒவ்வொரு மிடறையும் உள்ளே இழுத்துக்கொள்வது குழந்தையின் பம்பிகள் முன்னரே சேர்த்து வைத்த ஏற்றத்தாழ்வுதான்.

பெரியோர்களே, நண்பர்களே, நான் சொல்ல வந்ததைத் தொகுத்துக் கூறுகின்றேன். உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் உள்ள ஒரு பெரிய வேறுபாடு, உயிருள்ளது தன்னைச் சூழவுள்ளதோடு சமமாகிவிடாது நிற்பது. அந்த நிலை ஒருமுறை பெற்றுப் பெட்டியிற் பூட்டி வைக்கும் சொத்தன்று. கணந்தோறும் இழந்து கணந்தோறும் ஈட்டுவது. கலம் அமைதியாக இருப்பதுபோலத் தோன்றும் வேளையிலேயே அதன் வேலை மிகுதி. நமது சங்கங்களும் அப்படியே என்று மூத்தோர் அறிவர்: விழாவன்று எல்லோரும் வருவர், இடைப்பட்ட நாள்களில் விளக்கேற்றி, கணக்கெழுதி, கதவு பூட்டிச் செல்பவரின் உழைப்பிலேதான் சங்கம் நிற்கின்றது. இளைஞராகிய நாம் அவ்வுழைப்பிற் பங்குகொள்வோமாக.